முதலில் கேளுங்கள், அப்புறம் ரத்தம் எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தைகளுக்கு வரும் கரப்பான் பற்றிய உங்கள் கட்டுரையில் சோப்பு, களிம்பு, சாப்பாடு எல்லாம் இருந்தது. இது அடோபிக் டெர்மடைடிஸ்தான் (கரப்பானுக்கு டாக்டர்கள் சொல்லும் பெயர்) என்று டாக்டர்கள் எதை வைத்து முடிவு செய்கிறார்கள் என்பது மட்டும் இல்லை. பெற்றோர் அலைவதே அங்கேதான்.

என் பேத்திக்கு இரண்டு வயது முடிவதற்குள் அரிப்பு தொடங்கிவிட்டது. மருந்துக்கடையில் படர்தாமரை என்று ஒரு ட்யூப் கொடுத்தார்கள், அக்கம்பக்கத்தில் கத்திரிக்காய், கருவாட்டை நிறுத்தச் சொன்னார்கள், ஒரு கிளினிக்கில் குழந்தையின் சட்டையைக்கூடக் கழற்றிப் பார்க்காமல் ஆயிரக்கணக்கில் செலவு வைக்கிற அலர்ஜி டெஸ்டுக்கு எழுதிக் கொடுத்தார்கள். ரிப்போர்ட்டில் பால், முட்டை, கோதுமை என்று நீளமாக வந்தது. எல்லாவற்றையும் நிறுத்தியும் பிள்ளை ராத்திரி முழுக்கச் சொறிந்துகொண்டுதான் இருந்தாள்.

இந்த நோயை உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனை என்று ஒன்று கிடையாது. ரத்தத்தில் அலர்ஜியோடு தொடர்புடைய ஐ.ஜி.இ. என்ற புரதத்தின் அளவு ஏறியும் இருக்கலாம், சாதாரணமாகவும் இருக்கலாம். பார்த்தும் கேட்டும்தான் கண்டுபிடிக்க வேண்டும், அதற்கு நிபுணர்கள் கூடி வகுத்த அளவுகோல்கள் பல வருஷமாகவே இருக்கின்றன. 1980-ல் ஹனிஃபின், ராஜ்கா என்ற இரண்டு தோல் மருத்துவர்கள் ஒரு நீண்ட பட்டியல் கொடுத்தார்கள். 1994-ல் பிரிட்டன் நிபுணர் குழு அதைச் சுருக்கியது: கடந்த ஒரு வருஷத்தில் அரிப்பு கட்டாயம் இருந்திருக்க வேண்டும். அதோடு, இரண்டு வயதுக்குள் தொடங்கியது, முழங்கை முழங்கால் மடிப்புகளில் வந்துபோனது, இப்போதும் அங்கே தெரிவது, உடம்பு பொதுவாகவே வறண்டிருப்பது, ஆஸ்துமாவோ மூக்கொழுகும் அலர்ஜியோ இருப்பது (நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தை என்றால் அப்பா அம்மாவுக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ இருந்தாலும் சரி), இவற்றில் குறைந்தது மூன்று சேர வேண்டும். சின்னக் குழந்தைகளுக்கு மடிப்பில் இல்லாமல் கன்னத்திலும் கைகால்களின் வெளிப்பக்கத்திலும் வந்தாலும் கணக்கில் சேரும்.

கடைசியில் ஒரு டாக்டர் இந்தக் கேள்விகளைத்தான் கேட்டார். விரலிடுக்கில், மணிக்கட்டில் புள்ளிகள் உண்டா, வீட்டில் வேறு யாருக்காவது அரிக்கிறதா என்றும் கேட்டார், சிரங்கு இல்லை என்று தெரிந்துகொள்ள.

இன்னொன்று. புத்தகங்களில் இருக்கிற சிவந்த தடிப்பை நம் மாநிறக் குழந்தைகளிடம் தேடினால் கிடைப்பது கஷ்டம். கருஞ்சாம்பலாகவோ ஊதா கலந்த கறுப்பாகவோ இருக்கும், மயிர்க்கால்களைச் சுற்றிப் பொடிப்பொடியாக எழும்பியிருக்கும், கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கையால் தடவினால் சொரசொரப்பு தெரிந்துவிடும். தொட்டுப் பார்க்காத டாக்டருக்கு இது எப்படிப் பிடிபடும்?

ஸ்டீராய்டு கலந்த களிம்புகள் பலவற்றை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு உத்தரவு போட்டது. ஆனால் சென்னையில் எங்களுக்குச் சீட்டைக் கேட்காமலேயே கொடுத்தார்கள். படர்தாமரைமேல் ஸ்டீராய்டு பட்டால் அதன் உருவமே மாறிவிடும், அப்புறம் நல்ல டாக்டரும் திணற வேண்டியதுதான்.

தயவுசெய்து அந்தக் கேள்விகளை எளிய தமிழில், நம் குழந்தைகளின் தோலைக் காட்டும் படங்களோடு, ஒரு பக்கத்தில் வெளியிடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அங்கன்வாடிகளிலும் அதையே ஒட்டிவைக்க சுகாதாரத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு பாட்டி,
பெரம்பூர், சென்னை