டிபிஐ எண்ணைப் பார்த்து ஆன்டெனா வாங்காதீர்கள்

ஆசிரியருக்கு,

கிராமங்களுக்கு இணையம் கொண்டுசெல்லும் மத்திய அரசின் பாரத்நெட் திட்டத்தில் ஊராட்சி அலுவலகம் வரை கண்ணாடி இழை வந்த இடங்களில்கூட, 2, 3 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் குக்கிராமங்களுக்குப் பெரும்பாலும் வயர்லெஸ்தான் கைகொடுக்கிறது. அதற்கு ஆன்டெனா வாங்கும்போது, பெட்டியில் எந்த டிபிஐ எண் (ஆன்டெனா சக்தியை எவ்வளவு குவிக்கிறது என்பதன் அளவு) பெரிதோ அதை எடுத்துவிடுகிறார்கள். பணம் வீணாவது அங்கேதான்.

ஆன்டெனா தானாக ஒரு மில்லிவாட்கூட உண்டாக்காது. இருக்கிற சக்தியை ஒரு பக்கமாகக் குவிக்கும், அவ்வளவுதான். பெட்ரோமாக்ஸுக்கும் டார்ச்லைட்டுக்கும் உள்ள வித்தியாசம் அது. நாலாபக்கமும் பரப்பும் ஆம்னி 12 டிபிஐ என்றால், மேலும் கீழுமாக அதன் கற்றை ஏறக்குறைய 7 டிகிரிதான். 20 மீட்டர் உயரத்தில் மாட்டினால் கற்றை தரையைத் தொடவே 300 மீட்டருக்கு மேல் ஆகும். கம்பத்தடி வீட்டில் சிக்னல் தள்ளாடும். ஊர்க்கோடிக் கருவேலங்காட்டுக்குத் தாராளமாகக் கிடைக்கும். ‘24 டிபிஐ ஆம்னி’ என்று விற்கிறார்களே, அதில் நிஜம் அச்சடித்த மை மட்டும்தான்.

ஊருக்கு ஊர் இணைக்க இரு முனையிலும் 30 சென்டிமீட்டர் டிஷ், 5.8 கிகாஹெர்ட்ஸில் போதும். அதன் குவிப்பு சுமார் 23 டிபிஐ. ரேடியோவை, அதாவது சிக்னலை அனுப்பி வாங்கும் கருவியை, 13 டிபிஎம்மில் (டிபிஎம் என்பது சக்தியின் அளவு) வைத்தால் இரண்டும் சேர்ந்து 36 டிபிஎம், அதாவது குவிந்த திசையில் 4 வாட்டுக்கு நிகர். உரிமம் இல்லாமல் அனுமதிக்கப்படும் உச்சம் அதுதான். 3 கிலோமீட்டர் தாண்டி எதிர் டிஷ்ஷில் மைனஸ் 58 டிபிஎம் அளவில் சிக்னல் வரவேண்டும். இந்தக் கணக்கை ஏறுவதற்கு முன்பே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஏனென்றால் டிஷ்ஷுக்கு முக்கியக் கற்றையின் இருபுறமும் பலவீனமான பக்கக் கற்றைகளும் உண்டு. திருப்பும்போது, அதைவிடப் பலவீனமான மைனஸ் 75 வந்ததும் ‘கிடைத்துவிட்டது’ என்று போல்ட்டை முறுக்கிவிடுகிறார்கள். அது பக்கக் கற்றை. இன்னும் சில டிகிரி மெல்லத் திருப்பினால் சிக்னல் ஒருமுறை விழுந்து, பிறகு நிஜமான உச்சத்துக்கு ஏறும். முறுக்கும்போதே டிஷ் லேசாக நகரும் என்பதால், முறுக்கி முடித்தபின் அளவை மறுபடி பாருங்கள்.

எதிர் முனை கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. 3 கிலோமீட்டர் இணைப்பின் நடுவில், நேர்கோட்டைச் சுற்றி நாலு மீட்டராவது காலியாக இருக்கவேண்டும். நடுவழியில் 15 மீட்டர் தென்னை நின்றால், இரு முனையும் 19 மீட்டர் உயரத்திலாவது இருக்கவேண்டும் என்று அர்த்தம். மேல்நிலைத் தொட்டி மட்டும் பல ஊர்களில் அதற்குப் போதாது. மேலே ஒரு குழாய்க் கம்பமும் வேண்டும். தென்னை வளரும் என்பதையும் மறக்கவேண்டாம். கோடையில் ஓடிய இணைப்பு ஐப்பசியில் தடுமாறினால், முதலில் நனைந்த ஓலையைச் சந்தேகியுங்கள்.

வந்து சேர்ந்த சிக்னலை ஊருக்குள் பரப்ப விசிறிபோல 90 அல்லது 120 டிகிரிக்குப் பரப்பும் செக்டர் ஆன்டெனாவை, வீடுகளை நோக்கிச் சற்றுக் கீழே சாய்த்து மாட்டலாம். ரேடியோவைக் கீழே அறையில் பத்திரமாக வைத்துவிட்டு மேலே ஆன்டெனாவுக்குக் கேபிள் இழுக்கும் பழக்கத்தை விடவேண்டும். ஆர்ஜி-58 என்ற மெல்லிய ஆன்டெனா கேபிள் 10 மீட்டர் போனால், 2.4 கிகாஹெர்ட்ஸிலேயே பத்தில் ஒன்பது பங்கு சக்தி வழியில் தீர்ந்துவிடும், 5.8-இல் இன்னும் மோசம். ரேடியோ ஆன்டெனாவுடனே மேலே இருக்கட்டும். வெளிப்புற ரக ஈதர்நெட் கேபிளிலேயே மின்சாரத்தையும் அனுப்பலாம், 100 மீட்டர் வரை.

இந்தத் தூரத்தில் 5.8 கிகாஹெர்ட்ஸை மழை பெரிதாகத் தடுக்காது. கனெக்டருக்குள் இறங்கும் தண்ணீர்தான் தடுக்கும். கேபிளை ரேடியோவுக்குள் நுழைக்கும் முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால், வழிந்து வரும் நீர் அங்கேயே சொட்டிவிடும். மூட்டுகளில் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் சுற்றவேண்டும். சாதாரண இன்சுலேஷன் டேப் ஒரு கோடை வெயிலுக்குக்கூடத் தாங்காது.

வயர்லெஸ் நிறுவல் பணியாளர்கள்,
திண்டுக்கல் மாவட்டம்