ஏமனுக்குத் திரும்பிப் போவது பற்றி

பாப்பா,

அம்மா எழுதுகிறேன். போனில் பேசினால் நீ அழுகிறாய், நான் கத்துகிறேன், அப்பா நடுவில் வாங்கி "சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறார். அதான் எழுதுகிறேன்.

இந்த 2015 மார்ச் கடைசியில் ஏமனில் குண்டு விழ ஆரம்பித்து, சனாவிலிருந்து கடல் தாண்டி ஜிபூத்திக்கு வந்து, அங்கிருந்து விமானப்படை விமானத்தில் நீ ஊர் வந்து சேர்ந்து நாலு மாசம்கூட ஆகவில்லை. அதற்குள் திரும்ப அந்த ஆஸ்பத்திரிக்கே நர்ஸ் டியூட்டிக்குப் போகணும் என்கிறாய். சண்டை இன்னும் நிற்கவில்லை என்று எனக்குத் தெரிந்ததைவிட உனக்குத்தான் நன்றாகத் தெரியும்.

மூணு மாசச் சம்பளம் பாக்கி, ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் ஆஸ்பத்திரிக்காரர்கள் பீரோவில் இருக்கிறது என்றாய். அதற்காகப் போக வேண்டாம். சர்டிபிகேட்டுக்கு நகல் வாங்க நர்சிங் கவுன்சில், காலேஜ் என்று அலைந்துகொள்ளலாம். ஏஜெண்டுக்காக அடகு வைத்த நகைக்கு நான் பென்ஷனில் வட்டி கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன், ஒன்றும் முழுகிவிடாது.

ஆனால் நீ கடைசியில் மெதுவாகச் சொன்னாயே, டயாலிசிஸ் பெரியவர் கையைப் பிடித்து "நாளைக்கு வருவியா" என்று கேட்டார், வருகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன் என்று. அதுதான் உன்னை இழுக்கிறது. சம்பளமெல்லாம் சும்மா.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். 2004 சுனாமியில் நாகப்பட்டினத்தில் அம்மா வீட்டுக்கே வராமல் வேலை பார்த்தாள் என்று எல்லாரிடமும் பெருமையாகச் சொல்வாய். பார்த்தேன்தான். ஆனால் டிசம்பர் 30-ம் தேதி, திரும்பவும் அலை வரலாம் என்று அரசாங்கமே அறிவித்ததும், "கடல் வருது, கடல் வருது" என்று ஊரே மேற்கே ஓடியது, ஞாபகம் இருக்கிறதா? நீ திருத்துறைப்பூண்டியில் ஆச்சி வீட்டில் இருந்தாய். கல்யாண மண்டப முகாமில் ஒரு கிழவிக்கு நான் அப்போதுதான் சலைன் ஏற்றியிருந்தேன். அப்படியே விட்டுவிட்டு ஓடினேன், பாப்பா. யார் லாரி என்றுகூடத் தெரியாது, ஏறி சிக்கல் வரை போய்விட்டேன். எந்த அலையும் வரவில்லை. சாயங்காலம் திரும்பி வந்தால் கிழவி ஊசியைத் தானே பிடுங்கிப் போட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். என்னைப் பார்த்து "பயந்துட்டியாம்மா, தண்ணி குடி" என்றாள். இத்தனை வருஷம் ஆகியும் அந்த முகம் போகவில்லை. போகவும் போகாது.

அதனால் நீ ஓடி வந்ததைத் தப்பென்று நினைக்காதே. நான் திரும்பிப் போனது சிக்கலிலிருந்து, அஞ்சு கிலோமீட்டர். நீ போகிறேன் என்பது அப்படியா?

போகவே கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, நானும் நர்ஸ்தானே. ஆனால் விசிட் விசாவில் துபாய் போய் அங்கிருந்து அனுப்புகிறேன் என்கிற ஆளை நம்பாதே. இப்போது நர்ஸ்களை 18 நாடுகளுக்கு அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் எடுக்கணும், எமிக்ரேஷன் கிளியரன்ஸ் வேணும் என்று இந்த வருஷம்தான் கொண்டுவந்தார்கள். அந்தப் பட்டியலில் ஏமனும் இருக்கிறது. குறுக்கு வழியில் போய் அங்கே ஏதாவது ஆனால், நீ அங்கே இருப்பதே நம் அரசாங்கத்துக்குத் தெரியாது. ஏர்போர்ட் திறந்து, முறையாக பேப்பர் வந்தால் அப்போது பேசுவோம், நானே பெட்டி கட்டித் தருகிறேன்.

அதுவரை சென்னையில் அந்த வேலையை விடாதே, சம்பளம் கம்மிதான், இருந்தாலும் கை பழக்கம் விட்டுப்போகக் கூடாது. சனா மேட்ரனுக்கு போன் கிடைக்கும்போது பெரியவர் எப்படி இருக்கிறார் என்று கேள். கேட்கப் பயந்துதான் இத்தனை நாள் கேட்காமல் இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும்.

இங்கே ஜூன் 12-க்கு இந்த வருஷமும் மேட்டூர் அணை திறக்கவில்லை, போர்வெல் வைத்திருப்பவர்களுக்குத்தான் குறுவை. நம் வயல் சும்மா கிடக்கிறது, அப்பாவும் சும்மா உட்கார்ந்து என்னிடம் சண்டை போடுகிறார். அடுத்த ஆஃப் எப்போது என்று சொல், அவரை ஸ்டேஷனுக்கு அனுப்புகிறேன்.

அம்மா