‘பார்டர்ல இருக்கு’ன்னு சொல்லி அனுப்பிடறாங்களே, அவங்களுக்கும் எழுதுங்க

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல சர்க்கரை நோய் வந்தவங்க என்ன சாப்பிடலாம் என்ன கூடாதுன்னு விரிவா போட்டிருந்தீங்க, நல்லா இருந்துச்சு, அதுல குறை சொல்ல வரல. ஆனா நோய் வர்றதுக்கு முன்னாடி ஒரு கட்டம் இருக்கே, ரிப்போர்ட்ட பாத்துட்டு ‘பார்டர்ல இருக்கு, கொஞ்சம் பாத்து சாப்பிடுங்க, வாக்கிங் போங்க’ன்னு ஒரே வரியில சொல்லி அனுப்பிடறாங்க, இவங்களும் அப்பாடா இன்னும் வரலன்னு நிம்மதியா வீட்டுக்கு வந்து பேப்பரை பீரோவுல வச்சுட்டு மறந்துடறாங்க, அந்த ஆளுங்களுக்குன்னு யாருமே எழுத மாட்டேங்கறீங்களே.

வெறும் வயித்துல சுகர் 100லேர்ந்து 125க்குள்ள, இல்லன்னா மூணு மாச சராசரி காட்டுற ஹெச்பிஏ1சி 5.7லேர்ந்து 6.4க்குள்ள இருந்தா அமெரிக்க நீரிழிவு சங்கம் அதை பார்டர்னு வச்சிருக்கு. இதை கேட்டு நிம்மதி ஆகவும் வேண்டாம், ஐயோ போச்சேன்னு உக்காரவும் வேண்டாம். சாப்பாட்டையும் நடமாட்டத்தையும் மாத்தி நல்ல பலன் பாக்கக்கூடிய நேரம் இதுதான். இதை நானா சொல்லல. அமெரிக்காவுல பார்டர்ல இருந்த 3,234 பேரை வச்சு ஒரு பெரிய ஆராய்ச்சி பண்ணி 2002ல முடிவு வெளியிட்டாங்க. ஒரு குரூப்புக்கு சர்க்கரை நோய்க்கு கொடுக்கற மெட்ஃபார்மின் மாத்திரை, இன்னொரு குரூப்புக்கு எடையில 7 சதவீதம் குறைக்கணும் வாரத்துக்கு 150 நிமிஷம் வேகமா நடக்கற மாதிரி ஏதாவது செய்யணும், அவ்வளவுதான் இலக்கு. மூணாவது குரூப்புக்கு மருந்து இல்லாத டம்மி மாத்திரை. அந்த டம்மி குரூப்போட ஒப்பிட்டா மாத்திரை சாப்பிட்டவங்களுக்கு சர்க்கரை நோய் வர்றது 31 சதவீதம் குறைஞ்சுது, சாப்பாட்டையும் நடையையும் மாத்தினவங்களுக்கு 58 சதவீதம் குறைஞ்சுது! ஃபின்லாந்துல பண்ணதுலயும் இதே 58தான். சீனாவுல தா சிங்ங்கற ஊர்ல 1986லயே ஆரம்பிச்சு 577 பேரை 30 வருஷம் வரைக்கும் பின்தொடர்ந்து பாத்திருக்காங்க, பழக்கத்த மாத்தினவங்களுக்கு சர்க்கரை நோய் வர்றது கிட்டத்தட்ட 4 வருஷம் தள்ளிப்போச்சு, ஹார்ட் அட்டாக் ஸ்ட்ரோக் மாதிரி இதய ரத்தக்குழாய் நோயால சாவறதும் குறைஞ்சிருக்கு.

இதுல ஒரு விஷயத்தை யாரும் சொல்றதே இல்ல, எனக்கு அதுதான் ரொம்ப முக்கியமா படுது. அந்த அமெரிக்க ஆராய்ச்சியில ‘வாக்கிங் போங்க’ன்னு சொல்லி விட்டுடல. ஒவ்வொருத்தருக்கும் ஒரு பயிற்சியாளர், முதல் 24 வாரத்துல 16 பாடம், என்ன சாப்பிட்டோம்னு எழுதி வைக்கறது எப்படி, லேபிள் படிக்கறது எப்படி, விசேஷத்துக்கு போனா எப்படி சமாளிக்கறது, நடுவுல விட்டுப்போச்சுன்னா திரும்ப எப்படி ஆரம்பிக்கறதுன்னு உக்காந்து சொல்லிக்கொடுத்தாங்க. 16 பாடம் எங்க, ஒரு வரி எங்க? அந்த ஒரு வரியை வச்சுக்கிட்டு மாற முடியாம போனவங்களைப் பாத்து மனக்கட்டுப்பாடு இல்லன்னு சொல்றது ரொம்ப அநியாயம். டாக்டர்களையும் முழுசா குத்தம் சொல்ல முடியாது, வெளியில வரிசையா ஆளுங்க காத்துட்டு இருக்கும்போது அவங்களும் எவ்வளவு நேரம்தான் பேசுவாங்க.

அந்த இடத்தை உங்க பத்திரிகை நிரப்பலாமே. ஏதோ ஒரு விதை, ஏதோ ஒரு ஜூஸ் சர்க்கரையை விரட்டிடும்னு போடற துணுக்குகளுக்கு பதிலா தினசரி உபயோகப்படறதை எழுதுங்க. உதாரணத்துக்கு உப்பு. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ள, அதாவது ஒரு டீஸ்பூனுக்குள்ள இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, உலக சராசரி அதுக்கு ரெண்டு மடங்குக்கு மேல போகுது. பாக்கெட்டுல உப்புன்னு போடாம சோடியம்னு போட்டிருந்தா அந்த கணக்கை 2.5ஆல பெருக்கினாதான் உப்பு எவ்வளவுன்னு தெரியும், இது எத்தனை பேருக்கு தெரியும் சொல்லுங்க. அதே மாதிரி ஃபேக்டரியில ரொம்ப பதப்படுத்தின பாக்கெட் சாப்பாட்டை பத்தியும் எழுதணும். 2019ல வந்த ஒரு ஆராய்ச்சியில 20 பேரை ஒரே இடத்துல தங்க வச்சு ரெண்டு வாரம் அந்த மாதிரி சாப்பாடும் ரெண்டு வாரம் சாதாரணமா சமைச்ச சாப்பாடும் கொடுத்தாங்க, தட்டுல வச்ச கலோரி சர்க்கரை கொழுப்பு உப்பு எல்லாம் ரெண்டுலயும் சமமா இருக்கற மாதிரி பாத்துக்கிட்டாங்க, வேணும்ங்கற அளவு சாப்பிடலாம்னு விட்டாங்க. பாக்கெட் சாப்பாடு சாப்பிட்ட வாரங்கள்ல தினமும் சுமார் 500 கலோரி அதிகமா உள்ள போயிருக்கு, எடையும் ஏறியிருக்கு. அப்போ அதிகமா சாப்பிடறது மனுஷன் தப்பு மட்டும் இல்லன்னு புரியுதுல்ல.

நடையை பத்தி எழுதும்போது அது ஏன் வேலை செய்யுதுன்னும் சேத்து சொல்லுங்க. சாப்பிட்டு கொஞ்ச நேரத்துல நடந்தா கால் தசை ரத்தத்துல இருக்கற சர்க்கரையை நேரா இழுத்துக்கும், அதுக்கு இன்சுலினை அவ்வளவா நம்பி இருக்க வேண்டியதில்ல, அதனால சின்ன நடையும் வீணாப்போகாது. காரணம் தெரிஞ்சுக்கிட்டா யாரும் விரட்டாமலே ஜனங்க செய்வாங்கங்கறது என் நம்பிக்கை. சிகரெட்டை விடறது, ஒழுங்கா தூங்கறது இதெல்லாம் நீங்க அடிக்கடி எழுதறதுதான், அதையும் விட்டுடாதீங்க.

வாராவாரம் ஒரு பாடம்னு ஒரு தொடர் ஆரம்பிங்க, 16 வாரம் போதும். அதுல முதல் வாரமே ஒரு விஷயத்தை பெரிய எழுத்துல போடணும்னு கேட்டுக்கறேன். ‘இந்த வயசுக்கு மேல மாத்தி என்ன ஆகப்போகுது’ன்னு வீட்டுப் பெரியவங்களை விட்டுடறாங்க, அவங்களும் அப்படியேதான் நினைச்சுக்கறாங்க. ஆனா அதே அமெரிக்க ஆராய்ச்சியில பழக்கத்த மாத்தின 60 வயசுக்கு மேற்பட்டவங்களுக்கு சர்க்கரை நோய் வர்றது 71 சதவீதம் குறைஞ்சிருக்கு, மத்த வயசுக்காரங்களை விட அதிகம்.

இப்படிக்கு
உங்கள் நீண்ட நாள் வாசகர்