லான்ஸ்டவுன் மேட்டிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? இங்கிலாந்தின் இந்தப் பாத் நகரத்தில் இப்போது இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டித்தான் தூங்குகிறேன். கறிவேப்பிலை யானை விலை. மற்றபடி சாப்பாட்டுக்குக் குறையில்லை.

போன ஞாயிறு லான்ஸ்டவுன் மேட்டுக்குப் போனேன். குதிரைப் பந்தய மைதானத்தைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தால் ஒரு பெரிய கல் நினைவுச் சின்னம். 1643 ஜூலை 5 அன்று இங்கே நடந்த சண்டையில் சர் பெவில் கிரென்வில் அடிபட்டு விழுந்த இடம். டீக்கடையில் கட்சி தாவுகிறவர்களை நீங்கள் திட்டுவீர்களே, அதனால்தான் இவரைப் பற்றி எழுதத் தோன்றியது.

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் உள்ள கார்ன்வால்காரர். 1620களில் நாடாளுமன்றத்தில் ராஜா முதலாம் சார்லஸை எதிர்த்தவர்கள் பக்கம் இருந்தார். அந்தக் கூட்டத்தின் தலைவர் சர் ஜான் எலியட் இவருக்கு உயிர் நண்பர். எலியட் 1632இல் லண்டன் டவர் சிறையிலேயே செத்துப்போனார். ஆனால் 1639இல் ஸ்காட்லாந்துமேல் ராஜா படையெடுத்தபோது, இவர் ராஜாவுக்காகக் கிளம்பிவிட்டார்! அப்புறம் ராஜாவுக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரிலும் கார்ன்வால் ஆட்களைத் திரட்டிக்கொண்டு அதே பக்கம்.

அந்த ஜூலை 5 அன்று மேட்டின் உச்சியில் நாடாளுமன்றப் படை, பீரங்கிகளோடு. வெறுங்கையோடு ஏறிய எனக்கே மூச்சு வாங்கியது. இவருடைய ஆட்கள் ஆளுயரத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் நீளமான ஈட்டிகளைச் சுமந்துகொண்டு ஏறியிருக்கிறார்கள். உச்சியைப் பிடித்தார்கள், ஆனால் கிரென்வில் தலையில் வெட்டுப்பட்டார், பிழைக்கவில்லை. அன்று இரவு எதிர்ப்படைத் தளபதி வாலர், எரியும் துப்பாக்கித் திரிகளைக் கல்சுவர் மேல் வைத்துவிட்டு, ஆள் இருப்பதுபோல் காட்டி நழுவிவிட்டார். கில்லாடி!

தாவினார் என்றுதான் நீங்கள் சொல்வீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, அப்பா. தாவுகிறவன் ஏதாவது சம்பாதித்திருக்க வேண்டுமே? இவருக்குக் கிடைத்தது ஒரு 'சர்' பட்டம். பெரிய பட்டம் மகனுக்குத்தான், 1661இல். அதுவும் எந்த ஊர்ப் பெயரில் தெரியுமா? பாத் பிரபு! ராஜா செய்தது தப்பு என்று வாதாடுவது வேறு, ராஜாவே வேண்டாம் என்பது வேறு என்று நினைத்திருப்பார். நீங்களும்தான் பெரியப்பாவோடு பாகப்பிரிவினையில் அவ்வளவு சண்டை போட்டீர்கள், வெளியாள் அவரைப் பேசினால் விட்டீர்களா?

சரி, ஓடு மாற்றுவதற்கான பணம் அடுத்த வாரம் வந்துவிடும். ஆடி மழைக்கு முன் கொத்தனாரைப் பிடித்துவிடுங்கள்.

உங்கள் அன்பு மகள்