எலும்புக்கூட்டுச் சட்டை வேண்டாம்: பங்குப் பேரவைக்கு ஒரு திறந்த மடல்

மலேசியாவின் பேராக் மாநிலத்து எங்கள் தோட்டப் பட்டணத்தின் கத்தோலிக்க ஆலயப் பங்குப் பேரவையினருக்கும் இளையோர் மன்றத்தினருக்கும் வணக்கம்.

அக்டோபர் 31 இரவு ஆலய மண்டபத்தில் ஹாலோவீன் மாறுவேட விருந்து வைக்கலாமா என்று பேச்சு நடக்கிறது. வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடல்.

அது சாத்தானின் திருவிழா என்று கைப்பேசியில் சுற்றும் செய்திகளை நான் ஏற்கவில்லை. அனைத்துப் புனிதர் பெருவிழாவுக்கு முந்திய இரவுதான் ஹாலோவீன். நவம்பர் 1இல் அவ்விழா 9ஆம் நூற்றாண்டிலேயே மேற்குத் திருச்சபையில் பரவிவிட்டது. அயர்லாந்தின் பழைய அறுவடைக் கால வழக்கங்களும் அதில் கலந்தன. அங்கே டர்னிப்பைக் குடைந்து விளக்கு வைத்தவர்கள், அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போனபின் பூசணிக்கு மாறினார்கள். பேய் வேடம் போட்டதால் ஒரு பிள்ளையின் ஆன்மா கெட்டுவிடாது.

என் மனத்தாங்கல் வேறு. ஈப்போவில் ஒரு பேரங்காடியில் கறுப்புத் துணியில் வெள்ளை விலா எலும்புகள் அச்சடித்த சட்டை தொங்குகிறது. ஏழு வயதுப் பிள்ளைக்கான அளவு. 1942, 43இல் ஜப்பானியர் மலாயாத் தோட்டங்களிலிருந்து நம்மவர்களைச் சரக்கு ரயிலில் ஏற்றிப் போய், சயாமையும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவையும் இணைத்த 415 கிலோமீட்டர் மரண ரயில் பாதையில் வேலை வாங்கினார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் ஆயிரக்கணக்கானோர் மடிந்தார்கள். எலும்பும் தோலுமாகச் செத்த பலருக்குச் சிலுவை நட்ட குழிகூட இல்லை. திரும்பி வராத தாத்தாவுக்காக இன்றும் மெழுகுவர்த்தி ஏற்றும் குடும்பங்கள் நம் பங்கில் இருக்கின்றன. அவர்கள் முன்னால் அந்தச் சட்டையோடு பிள்ளைகளை ஆடவிட எப்படி மனம் வரும்? படையலைத் தின்பது குற்றமில்லை, ஆனால் அது சகோதரனை இடறச் செய்யுமானால் தின்னவே மாட்டேன் என்று கொரிந்தியருக்குப் பவுல் எழுதினாரே!

அக்டோபர் செபமாலை மாதம். 31 அதன் கடைசி இரவு. அன்று செபமாலையே சொல்லுவோம். பகலில் இளையோர் தோட்டத்துக் கல்லறைக்கு வரட்டும். செம்பனை மட்டை விழுந்து, லாலாங் புல் மண்டிக் கிடக்கும் குழிகளைத் துப்புரவு செய்து, எழுத்து உதிர்ந்த சிமெண்டுச் சிலுவைகளுக்குச் சுண்ணாம்பு அடிக்கட்டும். வேடம் போட ஆசைப்படும் சிறுவர்கள் நவம்பர் 1இல் புனிதர் வேடம் போடலாம். 1545இல் மலாக்காவுக்கு வந்த சவேரியாரே இருக்கிறார்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள் திருப்பலியில், சயாமுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர்களை வாசிக்க வேண்டும். பெயர்களைத் திரட்டும் வேலை என்னுடையது. ஞாயிறு திருப்பலி முடிந்ததும் முதியவர்களிடம் கேட்டு எழுத, ஆலய வாசலில் ஒரு மேசை போட அனுமதி தாருங்கள்.

அன்புடன்,
பங்கு உறுப்பினர் ஒருவர்