கேட்டால் கொடுக்கலாம் என்று சொல்லாதீர்கள்

குமரி மாவட்ட மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சைத் துறைகளை நடத்தும் மூத்த மருத்துவர்களுக்கு,

வணக்கம் சார், வணக்கம் மேடம். (மேடம் என்று எழுத வேண்டிய நாற்காலிகள் நம் மாவட்டத்தில் குறைவுதான். இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.)

நான் தக்கலைப் பக்கத்துக்காரி. பொது அறுவை சிகிச்சை மருத்துவர், இரண்டு பிள்ளைகளுக்கு அம்மா. உங்களில் சிலருக்கு அசிஸ்ட் பண்ணியிருக்கிறேன், சிலரிடம் திட்டும் வாங்கியிருக்கிறேன். அந்த உரிமையில்தான், கர்ப்பமாகவும் கைக்குழந்தையோடும் அறுவை சிகிச்சைத் துறையில் வேலை பார்க்கிற பெண்களைப் பற்றி எழுதுகிறேன்.

மூத்தவள் வயிற்றில் இருந்தபோது, 31-வது வாரம். இரவு ஒரு மணிக்குக் குடலில் ஓட்டை விழுந்த கேஸ் வந்தது. குலசேகரம் பக்கத்து ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. சார் உயரமானவர், மேசையை அவருக்குத் தோதாக ஏற்றியிருந்தது. ஒட்டி நின்றால் என் வயிறு மேசையில் இடிக்கும். ஒரு சாண் தள்ளி நின்று, முன்னால் சாய்ந்தபடி, வெட்டிய இடத்தை விலக்கிப் பிடிக்கிற ரிட்ராக்டரை இரண்டரை மணி நேரம் பிடித்தேன். வெளியே வந்தால் கால் செருப்புக்குள் நுழையவில்லை. தியேட்டர் சிஸ்டர் ஒரு மட்டிப்பழத்தை உரித்துக் கையில் தந்து, "தின்னு மக்ளே" என்றார். அந்த மருத்துவமனையில் எனக்குக் கிடைத்த மகப்பேறு நலன் அந்தப் பழம்தான்.

என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். "முடியலேன்னா சொல்லணும், கேட்டியா" என்றுதான் சார் சொன்னார். நான்தான் சொல்லவில்லை. யூனிட்டில் மூன்றே பேர். நான் உட்கார்ந்தால் இன்னொருத்தன் அந்த வாரம் நான்காவது இரவும் விழித்திருக்க வேண்டும். அப்புறம், "பொம்பளைப் பிள்ளைகளை சர்ஜரிக்கு எடுத்தா இதுதான்" என்ற பேச்சை எனக்கு முந்தியவர்கள் விஷயத்தில் கேட்டிருக்கிறேன். என் பெயரிலும் அது வர வேண்டாம் என்று நினைத்தேன்.

1961-இல் எழுதிய மகப்பேறு நலச் சட்டத்திலேயே இதற்கு வழி இருந்தது. பிரசவத்துக்கு முந்தைய ஆறு வாரங்களுக்கும் முன்னால் வரும் ஒரு மாதத்தில், கடினமான வேலையோ நீண்ட நேரம் நிற்க வேண்டிய வேலையோ தரக் கூடாது. ஆனால் அவள் கேட்டுக்கொண்டால்தான். நம் துறையில் எல்லாம் அந்த ஒரு சொல்லில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறது. அடுத்த கேஸை அவளுக்குக் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் கையில். தேர்வுக்கு முன், அவள் செய்த கேஸ்களைப் பதிந்து வைக்கும் லாக்புக்கில் கையெழுத்துப் போடுவதும் நீங்கள்தான். உங்களிடம் வந்து அவள் எதைக் கேட்பாள்?

ஆபரேஷன் நடக்கும்போதே எக்ஸ்-ரே படம் காட்டுகிற சி-ஆர்ம் கருவி விஷயத்தைப் பாருங்கள். கர்ப்பம் என்று தெரிவித்துவிட்டால், அதற்குப் பிறகு கருவுக்குச் சேரும் கதிர்வீச்சு 1 மில்லிசீவர்ட்டைத் தாண்டக் கூடாது என்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதி. நல்ல விதிதான். ஆனால் குழந்தையின் உறுப்புகள் உருவாவது முதல் எட்டு பத்து வாரங்களில். நம்மூரில் மூன்று மாதம் முடியாமல் மாமியைத் தவிர வேறு யாரிடமும் மூச்சு விடமாட்டோம். விதி தொடங்குவது வாய் திறந்த பிறகு. வாய் திறக்கிற நேரத்தில் முக்கியமான வாரங்கள் போயிருக்கும்.

அதனால்தான், கேட்கும் வேலையே இல்லாதபடி முன்கூட்டியே எழுதி வையுங்கள் என்கிறேன். யாரும் கர்ப்பமாக இல்லாத ஒரு மாதத்தில் உட்கார்ந்து எழுதுங்கள். யாருக்காக என்ற பேச்சே வராது. இத்தனையாவது வாரத்துக்குப் பிறகு இரவுப் பணி கிடையாது, நீண்ட கேஸுக்கு நடுவில் ஆள் மாற்றலாம், சி-ஆர்ம் லிஸ்ட்டிலிருந்து விலக யாரும் காரணம் சொல்ல வேண்டாம். ஆணுக்கும் அப்படியே இருக்கட்டும், அப்போதுதான் விலகுகிறவளை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அவளுக்குப் பதில் நிற்பவனுக்குப் பணமோ மாற்று விடுப்போ கொடுங்கள். அவனுக்கு அவள்மேல் கோபம் வருவதற்குக் காரணம் அவள் குழந்தை அல்ல, இலவசமாகப் போகிற அவன் தூக்கம்.

திரும்பி வந்த பிறகு நடந்தது வேறு கதை. பால் பீய்ச்ச இடம் கிடையாது. உடை மாற்றும் அறையின் கழிவறையில் நின்றுகொண்டு பீய்ச்சி, எவர்சில்வர் டப்பாவில் மூடி, தியேட்டர் ஃபிரிட்ஜில், தசையைத் தளர்த்தும் ஸ்கோலின் மருந்து ஆம்பூல்களுக்குப் பக்கத்தில் வைப்பேன். டப்பா மேல் பிளாஸ்டர் ஒட்டிப் பெயர் எழுதியிருந்தேன். ஒரு நாள் யாரோ சுத்தம் செய்து கொட்டிவிட்டார்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017-இல் சட்டம் திருத்தியபோது மருத்துவமனைகளை யாரும் விலக்கி வைக்கவில்லை.

பாலைக்கூட விடுங்கள். "குழந்தை சின்னது, நீ ஓ.பி. பாரு" என்று அன்பாகச் சொல்வீர்களே, அதுதான் எங்களை அதிகம் அடிக்கிறது. ஆறு மாதம் கத்தி பிடிக்காத கைக்குத் தேவை கேஸ். எனக்கு லேப்ராஸ்கோப்பியில் பழைய வேகம் வர ஒரு வருஷம் ஆனது. முதல் மாதம் பக்கத்தில் ஒரு சீனியர் நின்றிருந்தால் போதும், சீக்கிரம் வந்திருக்கும்.

மனைவிக்கு வலி கண்ட அன்று லீவு கேட்டுப் போன என் ஜூனியரிடம் "நீயா பெறப்போற?" என்று கேட்டார்கள். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

"அந்தக் காலத்தில் மேரி புன்னன் லூக்கோஸ் இதெல்லாம் கேட்டாரா?" என்று ஒரு கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நம் மாவட்டம் திருவிதாங்கூரில் இருந்த காலத்தில், 1938-இல் சமஸ்தானத்தின் சர்ஜன் ஜெனரலானவர், நாகர்கோவிலில் காசநோய் சானடோரியம் தொடங்கியவர், இரண்டு பிள்ளைகளின் தாய். நியாயமான பெருமைதான். ஆனால் அவர் துறைக்கே தலைவர். டூட்டி ரோஸ்டர் அவர் மேசையில் இருந்தது. எங்களுக்கு அது உங்கள் மேசையில் இருக்கிறது.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்து எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருஷம், நுழைவுத் தேர்வுக்கு ஒன்றிரண்டு, அறுவை சிகிச்சை மேற்படிப்பான எம்.எஸ். மூன்று. அதற்கும் மேலான எம்.சி.எச். என்றால் இன்னும் மூன்று. பிள்ளை பெறத் தோதான வருஷம் என்று இந்தக் கணக்கில் எங்கேயும் இல்லை. படிப்புக்கு நடுவில் விடுப்பு எடுத்தால் படிப்பும் அந்த அளவுக்கு நீளும். சரி, அதை நீங்கள் மாற்ற முடியாது. ரோஸ்டரை மாற்றலாம்.

இந்த மடலை இப்போது எழுதக் காரணம், போன வாரம் ஒரு சின்னப் பெண் என்னைத் தேடி வந்ததுதான். ஏழு வாரம். அவள் துறைத் தலைவருக்கு இன்னும் தெரியாது. செவ்வாய்க்கிழமை சி-ஆர்ம் லிஸ்ட்டில் அவள் பெயர் இருக்கிறது. யார், எந்த மருத்துவமனை என்று தயவுசெய்து விசாரிக்காதீர்கள். செவ்வாய்க்கிழமைக்குள் எல்லோருமே உங்கள் லிஸ்ட்டை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
உங்களோடு ஸ்க்ரப் ஆகி நின்ற ஒருத்தி