பசைக்கு ஒப்புதல் கொடுங்கள்: காப்புறுதி இழப்பீட்டுப் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு, வணக்கம்.

செம்பனைக் குலை ஏற்றிய லாரி மோதி, மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் பட்டறையில் கிடக்கும் பி.எம்.டபிள்யூ 7 சீரிஸின் கோப்பு உங்கள் மேசையில்தான் இருக்கிறது. கதையைத் திரும்பச் சொல்லவேண்டியதில்லை. நாங்கள் கொடுத்த விலைப்பட்டியலில் பசை, ரிவெட்டு, பசை இறுகக் காத்திருக்கும் கூலி எல்லாவற்றையும் அடித்துவிட்டு, ஓரத்தில் 'வெல்டிங் போதும்' என்று எழுதியிருக்கிறீர்கள்.

எதோடு எதை வெல்டிங் செய்வது? 2015-இல் வந்த இந்த மாடலில், கதவுகளுக்கு நடுவிலுள்ள தூணில் எஃகுத் தகட்டோடு, பிசினில் இறுகிய கரி இழையான கார்பன் ஃபைபரையும் சேர்த்து ஒட்டியிருக்கிறார்கள். மோதிய இடத்தில் பசை பிளந்து, கறுப்பு இழை பிரிந்து நீட்டிக்கொண்டிருக்கிறது. விரல் பட்டால் குத்துகிறது. அதன் பக்கத்தில் வெல்டிங் சூட்டைக் காட்டினால் இழையைப் பிடித்திருக்கும் பிசின் கருகும், சுற்றியுள்ள பசையும் விட்டுப்போகும். பெயிண்ட் அடித்துவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. இன்னொரு லாரி இடித்தால்தான் தெரியும்.

பசையின் வேலை ஒட்டுவதோடு முடிவதில்லை. கார்பன் ஃபைபர் மின்சாரம் கடத்தும். நம் ஊர் ஈரத்தில் எஃகையோ அலுமினியத்தையோ அது நேராகத் தொட்டுக்கொண்டிருந்தால் அந்த உலோகம் அரிக்கும். இரண்டும் தொடாமல் நடுவில் நிற்பது பசை. அப்புறம் சூடு. 100 டிகிரி ஏறினால் ஒரு மீட்டர் அலுமினியம் சுமார் 2.3 மில்லிமீட்டர் நீளும், எஃகு 1.2. கார்பன் ஃபைபரோ இழையின் திசையில் நீளாது என்றே சொல்லலாம். அந்த இழுபறியைத் தாங்குவதும் பசைதான்.

தொழிற்சாலையில் பெயிண்ட் அடுப்பின் 180 டிகிரி வாக்கிலான சூட்டிலேயே பசை இறுகிவிடும். நாங்கள் இரண்டு பாகப் பசையைக் கலந்து பூசி, கிளாம்ப் போட்டு, இறுகும்வரை தொடாமல் விடவேண்டும். அந்தக் காத்திருப்புக்குத்தான் கூலி கேட்டோம். தயவுசெய்து பசைக்கு ஒப்புதல் கொடுங்கள்.

பாலிஷுக்குக் கேட்டதில் ஒரு வெள்ளிகூடக் குறைக்கவில்லை, நன்றி. கார் பளபளவென்று இருந்தால் போதும் போலும். தோட்டத்து ஊர்ப் பட்டறை என்றால் தட்டி, நிமிர்த்தி, பற்றவைத்து அனுப்பிவிடும் என்ற நினைப்பு இன்னும் போகவில்லை. புதிய வேலையைக் கற்றுவந்த பையன்களுக்கு இங்கே அதற்குக் கூலி இல்லையென்றால் சிங்கப்பூருக்குப் போகாமல் என்ன செய்வார்கள்?

சரி, அது வேறு பேச்சு. பசைக்கும் ரிவெட்டுக்கும் காத்திருப்புக்கும் ஒப்புதல் தரும்படி மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன். தயாரிப்பாளரின் பழுதுபார்ப்புக் கையேட்டுப் பக்கங்களை இணைத்திருக்கிறேன். இல்லை, வெல்டிங்தான் என்றால் அதையும் உங்கள் முத்திரையோடு கடிதமாகத் தாருங்கள், கார்க்காரரிடம் காட்டவேண்டும்.

இப்படிக்கு,
பட்டறைக்காரர், சுங்கை சிப்புட்